துண்டுக்கு அடியில் மூன்று கைகள்

நாச்சிமுத்து என்பது அவர் பெயர். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். அவருடைய இரு தோள்களிலும் எக்காலத்தும் இரண்டு துண்டுகள் கிடக்கும். இடத்தோளில் கிடப்பது வியர்வைக்கு. வலத்தோளில் கிடப்பது வியாபாரத்துக்கு. சித்திரை வெயிலில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கினாலும் வலத்தோள் துண்டை எடுத்து அவர் துடைத்துக்கொள்ளமாட்டார்.

விற்பவன் கையும் வாங்குபவன் கையும் அந்தத் துண்டுக்கு அடியில்தான் சந்திக்கும். எத்தனை விரல் பிடிக்கப்படுகிறதோ அதுவே விலை. கையை உருவிக்கொண்டால் விலை படியவில்லை. விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பற்றினால் அதற்குப் பொருள் ஒன்றே: விற்பதற்கில்லை. மாட்டைச் சந்தைவரை ஓட்டிவந்துவிட்டு, கைமாற்றும் நேரத்தில் மனம் வராமல் போகிறவன் செய்யும் காரியம் அது. அப்படிப் பிடித்தவனிடம் நாச்சிமுத்து மறுபேச்சுப் பேசுவதில்லை. மாட்டின் காதில் பதித்த சில்லைப் படித்து அதன் வயதையும் நோயையும் கைபேசியே சொல்லிவிடுகிற காலம் வந்த பிறகும், விலை மட்டும் துண்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

கை இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் வாய் சும்மா இருப்பதில்லை. ஆனால் அது கூடி நிற்பவர்களின் காதுக்கான பேச்சு. ஒரு மாட்டின்மீது ஆசை வந்துவிட்டால், "இதுக்குக் கழுதை தேவலாமுங்க" என்பார் நாச்சிமுத்து. இந்தப் பழக்கம் நாளடைவில் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று அவர் சொன்னால், அவர் மனைவி தெய்வாத்தாள் பேசாமல் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

ஐப்பசியில் அவர் குரல் கம்மியது. சந்தைத் தூசி என்றார். பிறகு வலக்காதில் குத்தல் கண்டது. கழுத்தின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி திரண்டது. மேல்துண்டை அதன்மீது இழுத்துவிட்டுக்கொண்டார். சோற்றுக் கவளம் தொண்டையில் நின்று, தண்ணீர் மூக்கால் வந்த அன்றுதான் தெய்வாத்தாள் அவரைக் கோவைக்குப் பஸ் ஏற்றினாள்.

அங்கே, தலை கழுத்துப் புற்றுநோய்க்கென்றே இயங்கிய ஒரு மருத்துவமனையில், டாக்டர் ஷமீமா என்னும் பெண் மருத்துவர் அவரைப் பார்த்தார். வெற்றிலையோடு புகையிலை எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டார். பதிலைக் கேட்டுத் திட்டவில்லை. குரல்வளையில் தொடங்கிய புற்று அதன் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்து, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் பிடித்துவிட்டது என்று படம் காட்டி விளக்கினார். இனிச் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டுக் கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை வைத்து, அதன்பின் கதிர்வீச்சுக் கொடுப்பது. இரண்டாவது, கத்தி வைக்காமல் கதிர்வீச்சையும் மருந்தையும் ஒன்றாகக் கொடுப்பது. மூன்றாவது, நோயை அதன் போக்கில் விட்டு வலியை மட்டும் தணிப்பது.

"மூணாவதே போதுமுங்க. வாழ்ந்தது போதும். கிழட்டு மாட்டுக்கு லாடம் எதுக்கு?" என்றார் நாச்சிமுத்து.

தெய்வாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஷமீமா அவசரப்படுத்தவில்லை. முடிவு செய்வதற்குமுன் சாயல்களைப் பார்த்துவிடுங்கள் என்றார்.

"சாயல்னா, உங்க உடம்பைப் போலவே மெஷினுக்குள்ள ஒரு ஆள் அய்யா. உங்க புற்று, உங்க ரத்தம், உங்க பேச்சு, உங்க நினைப்பு எல்லாம் அவருக்கும் இருக்கும். அப்படி மூணு பேரைச் செஞ்சு ஆளுக்கு ஒரு வைத்தியம் குடுப்போம். நமக்குச் சில நாள் போறதுக்குள்ள அவங்களுக்கு மாசக்கணக்கில போயிரும். அப்புறம் எப்படி இருக்குன்னு நீங்களே அவங்களைக் கேட்டுக்கலாம்."

"என்னைய நானே கேக்கறதுங்களா?"

"அப்படித்தான்."

"நான் பொய் சொல்லிப்போட்டா?"

டாக்டர் சிரித்தார். தம்மிடமே யாராவது பொய் சொல்வார்களா என்றார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவர்களுக்கு வலிக்குமா என்று கேட்டார். டாக்டர் பேனாவின் மூடியைத் திருகியபடி, "வலிக்கிற மாதிரி நடந்துக்குவாங்க" என்றார். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று நாச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை.

சாயல் செய்வதற்காக அவர் மணிக்கட்டில் ஒரு காப்பை மாட்டினார்கள். பேச்சையும் கையின் ஒவ்வோர் அசைவையும் அது சேர்த்துவைக்கும் என்றும், வழக்கம்போல் நடமாட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவரும் காப்போடு சந்தைக்குப் போனார். கம்மிய குரலில் நல்ல மாடுகளைக் கழுதை என்றார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்தார். பிறகு ஒருநாள், உடம்பு முழுவதையும் படமெடுக்கும் குழாய்க்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுவரை தெய்வாத்தாள் கூடவே நடந்து வந்தாள். அன்று பஸ்ஸில் திரும்புகையில் அவள் வலக்கையில் கண்ணாடி வளையல் குறைந்திருந்தது. என்னவாயிற்று என்றதற்குப் பஸ் கம்பியில் பட்டு உடைந்தது என்றாள்.

சாயல்கள் தயாரானதும், சுவரளவு திரை பொருத்திய ஓர் அறையில் இருவரையும் உட்காரவைத்தார்கள். திரைக்குள் ஒரு நாற்காலி. அதில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். இரு தோள்களிலும் துண்டு. கழுத்தின் அடியில் ஒரு துளை.

தம்மையே வாங்க என்பதா, வா என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளையாகச் சாயலே முந்திக்கொண்டது. ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தி, தகரத்தில் வண்டு ஊர்வதைப் போன்ற குரலில், "வாப்பா. உக்காரு" என்றது.

"எப்படியப்பா இருக்கற?"

"நல்லாருக்கறன். சோறு எறங்குது. ஒரு கொறையும் இல்ல. இதையே புடிச்சுக்கோ."

நாச்சிமுத்து சற்றே யோசித்தார். "மாட்டு வாசம் தெரியுதா?"

மூச்சு மூக்கின் வழியாகப் போகாதவனுக்கு வாசனை தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சாயல் கருவியைக் கீழே இறக்கியது, பிறகு தூக்கியது. "அதைய வெச்சு என்ன பண்றது?" என்றது.

இரண்டாம் சாயலின் குரல் அவருடைய சொந்தக் குரலாகவே இருந்தது. ஆனால் நாக்கு உலர்ந்து, சொல்லுக்குச் சொல் தண்ணீரைத் தொட்டு நனைத்துக்கொண்டது. விழுங்கமுடியாத காரணத்தால் வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். கஞ்சி அதன் வழியே போயிற்று. "கத்தியே படாம முடிஞ்சுதப்பா. ராசா மாதிரி இருக்கறன். இதையே புடிச்சுக்கோ" என்றது அதுவும்.

முதல் இரண்டையும் ஓராண்டு கழிந்த நிலையில் காட்டியிருந்தார்கள். மூன்றாம் சாயலுக்கு அவ்வளவு காலம் இல்லை. நான்காம் மாதத்தில் அதைக் காட்டினார்கள். கட்டி வெளியே வந்து பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கை காய்ந்த முருங்கைக் குச்சியாக இருந்தது. கிசுகிசுத்த குரலில் அது சொல்லிற்று: "நிம்மதியா இருக்கறனப்பா. வலி இல்ல. ஆரையும் தொந்தரவு பண்ணல. வாழ்ந்தது போதும். நீயும் ஊட்டுக்குப் போ."

டாக்டர் ஷமீமாவின் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. தாம் எத்தனையோ பேரின் சாயல்களைப் பார்த்துவிட்டதாகவும், மூன்றில் ஒன்றாவது தங்களைத் திட்டித் தீர்க்கும் என்றும், மூன்றும் திருப்தியாக இருப்பது இதுவே முதல்முறை என்றும் சொன்னார். திருப்தி என்றே கோப்பில் பதிவாயிற்று.

எந்த மாட்டைத் தட்டிப் பார்த்தாலும் அது தேறுமா என்று சொல்லிவிடுகிற நாச்சிமுத்துவுக்கு, அன்று தம்மில் எது தேறும் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் மற்ற இருவரும் என்னாவார்கள் என்று கேட்டார். பிடித்த சாயல் அவரோடு கூடவே ஓடும். வரப்போகிற சிக்கலை முன்கூட்டியே காட்டும். மற்ற இரண்டையும் நிறுத்திவிடுவார்கள் என்றார் டாக்டர்.

"அவிகளுக்கு அது தெரியுங்களா?"

"நாங்க சொல்றதில்ல அய்யா."

கயிற்றைப் பிடிக்கும் பிடியிலேயே, இன்று தன்னை விற்கப்போகிறார்கள் என்று மாட்டுக்குத் தெரிந்துவிடும். மாட்டுக்குத் தெரிவது மாட்டுத் தரகனுக்குத் தெரியாதா? ஆகவே மூவரும் சந்தையில் நிற்கிறார்கள், தங்களைத் தாங்களே விற்றுக்கொள்கிறார்கள். இவ்வளவு தூரம் அவருக்குப் பிடிபட்டது. ஆனால் உடனே அடுத்த சிக்கல் எழுந்தது. மூன்றாமவனுக்கு எப்படியும் சில மாதமே பாக்கி. அவன் எதற்காகத் தன்னை விற்க வேண்டும்? லாபமில்லாதவன் சொல்வது உண்மையாகத்தானே இருக்கவேண்டும்? அன்றியும் தாம் முதல்நாள் சொன்னதையே அவனும் சொல்கிறான்.

மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் தேநீரை வாங்கி ஆறவைத்துக்கொண்டு, மூன்றாவதையே பிடித்துவிடலாம் என்று தெய்வாத்தாளிடம் சொன்னார். ஆரையும் தொந்தரவு செய்யவேண்டாம் பார் என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் தன் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசத்துல நீங்க எந்த மாட்டையாவது வாயால பேசி வித்திருக்கறீங்களா?"

"இல்ல."

"அப்பறம் அந்த மூணு பேரத்த மட்டும் எதுக்குங்க வாயால பேசறீங்க?"

நாச்சிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் டாக்டரம்மாவும் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்திருக்கறம். வேடிக்கை பாக்க ஆள் நிக்கறப்ப உங்க வாயில நெசம் எப்ப வந்துச்சு? உப்புக் கரிக்குதும்பீங்க. அதைய நம்பியிருந்தா நீங்க எப்பவோ பட்டினி கெடந்து செத்திருப்பீங்க."

அவர் கை தானாக வலத்தோள் துண்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலையில் டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றே: சாயல்களின் கையைத் தொடமுடியுமா? முடியும் என்றார் டாக்டர். சாயலின் கழுத்துக் கட்டியை மருத்துவர்கள் தடவிப் பார்ப்பதற்கென்று ஒரு கையுறை உண்டு. அங்கே தொட்டால் இங்கே தெரியும், அங்கே அழுத்தினால் இங்கே அழுத்தும். நோயாளி எவரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. இருப்பினும் தடையில்லை என்று எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து கையுறையை மாட்டிக்கொண்டு அதன்மேல் தம் துண்டை விரித்தார். திரைக்குள் முதல் சாயல் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பின்னர் தன் வலத்தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் விரித்தது.

"யாரும் அதுக்குச் சொல்லலையே" என்று டாக்டர் மெல்லச் சொன்னார்.

"எப்படியப்பா இருக்கற?" என்று நாச்சிமுத்து உரக்கக் கேட்டார். துண்டுக்கு அடியில் கேட்டது வேறு: இந்தப் பிழைப்பு, ஐந்துக்கு எத்தனை பெறும்?

"ஒரு கொறையும் இல்ல" என்று தகரக் குரல் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, அவருடைய இரண்டு விரல்கள் பிடிக்கப்பட்டன. இரண்டு. அவர் மூன்றாம் விரலை நீட்டிப் பார்த்தார். அந்தக் கை அதைத் தள்ளிவிட்டு மீண்டும் இரண்டையே பிடித்து அழுத்திற்று. ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. நல்ல வியாபாரி என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். அது தம்மையே மெச்சிக்கொள்வதாகுமா என்று ஒரு குழப்பமும் உடன் வந்தது.

இரண்டாம் சாயல் ஒரு விரலைப் பிடித்தது. ராசா மாதிரி இருப்பதாக வாய் சொல்லி முடிப்பதற்குள் அந்த விரலையும் விட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டது. விலை படியவில்லை.

மூன்றாம் சாயலுக்குத் துண்டை விரிக்கவே நெடுநேரம் பிடித்தது. இரவுக்கும் காலைக்கும் இடையில் அதற்கு வாரங்கள் கழிந்திருந்தன. கண்கள் உள்ளே போயிருந்தன.

"எப்படியப்பா இருக்கற?"

"நிம்மதிப்பா" என்றது அது. "வாழ்ந்தது போதும்."

நாச்சிமுத்து விரல்களை நீட்டிக் காத்திருந்தார். அந்தக் கை அவர் விரல்களைத் தடவிற்று. எண்ணுகிறது என்று நினைத்தார். அது விரல்களைத் தாண்டிப் போய், அவருடைய மணிக்கட்டைப் பற்றிற்று.

காய்ந்த குச்சி போன்ற கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார், விடவில்லை. திரையில் அந்த முகம் அமைதியாகவே இருந்தது. வாய் மறுபடியும் நிம்மதி என்றது. பிடி இன்னும் இறுகிற்று.

அப்படிப் பிடித்தவனிடம் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோவது அவர் வழக்கம். அன்று அவரால் எழ முடியவில்லை. கடைசியில் டாக்டர்தான் கையுறையின் இணைப்பை அணைத்தார்.

என்ன சொன்னார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, துண்டுக்கு அடியில் பேசியதை வெளியே சொல்வது வழக்கமில்லை என்றார் நாச்சிமுத்து. பிறகு மனம் கேளாமல், மணிக்கட்டைப் பிடிப்பதன் பொருளை மட்டும் சொன்னார். டாக்டர் கோப்பை மூடிவைத்தார்.

"நான் உங்களை ஏமாத்தக்கூடாது அய்யா. சாயலுக்கு ஆசை இருக்கா, இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. காப்பு போட்டிருந்தப்போ நீங்க என்னென்ன செஞ்சீங்களோ, அதிலிருந்துதான் அது கத்துக்கிட்டிருக்கும். சந்தையில யார் கையையாவது நீங்க அப்படிப் பிடிச்சிருப்பீங்க. அதையே அது திருப்பிச் செஞ்சிருக்கலாம். அதை வச்சு முடிவெடுக்காதீங்க."

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். தரகன் மணிக்கட்டைப் பிடிப்பதில்லை, மாட்டுக்காரன்தான் பிடிப்பான். தம் வாழ்நாளில் எவர் மணிக்கட்டையும் பிடித்ததாக அவருக்கு நினைவில்லை. அப்படியானால் அந்தப் பிடி யாருடையது? இயந்திரம் தானாக உண்டாக்கியதா? ஆசையே இல்லாத ஒன்று ஆசைப்பட்டதைப்போல் நடித்ததா? சந்தையில் எது எவன் மாடு என்று தெரியாமல் கயிறுகள் பின்னிக்கொண்டதைப்போல் இருந்தது.

"சந்தையில இல்லீங்க" என்றாள் தெய்வாத்தாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு அந்தக் கொழாய்க்குள்ள தள்ளிட்டுப் போனாங்கல்ல. கதவுகிட்ட வந்ததும், காப்புப் போட்ட கையால என்ற மணிக்கட்டப் புடிச்சீங்க. உடவே இல்ல. நர்சம்மா வந்துதான் பிரிச்சு உட்டாங்க." அவள் வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் மூடிக்கொண்டாள். "வளையல் அப்பத்தான் ஒடஞ்சுது."

"பஸ்ஸுன்னு சொன்ன?"

"சொன்னேன்."

"எனக்கு நெனப்பே இல்லியே, தெய்வா."

"வாய் அப்பவும் போதும்போதும்னுதான் சொல்லீட்டு இருந்துச்சு" என்றாள் அவள்.

அறைக்கு வெளியே யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பிடி மூன்றாமவனுடையதா, தம்முடையதா என்பது அவருக்கு இப்போதும் தெளியவில்லை. தெளிந்தது ஒன்றுதான்: அப்படிப் பிடித்தவன் எவனாயினும், விற்கவில்லை.

அவர் இருமி, கம்மிய தொண்டையைச் செருமிக்கொண்டார். மற்ற இருவரையும் உடனே நிறுத்திவிடவேண்டாம், அவரவர் காலம் எத்தனையோ அத்தனையும் ஓடி முடியட்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த நோயாளிக்கு இயந்திரம் தேவைப்படும், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் டாக்டர், வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுக்காத அந்த நேர்மையை நாச்சிமுத்து ஏற்றுக்கொண்டார். மூன்றாமவனுக்கு என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப எதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க அய்யா?"

அவர் துண்டை நான்காக மடித்துத் தெய்வாத்தாளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"கொரல எடுத்துருங்க, டாக்டரம்மா" என்றார். "அஞ்சுக்கு ரெண்டுன்னாலும் எனக்குச் சம்மதமுங்க."